ஜாடிக்கு ஒரு கல்

இப்போதெல்லாம் ஜனங்கள் கல்லைக்கூடக் கடையில் வாங்குகிறார்கள். ஊறுகாய் ஜாடியில் காய் மிதந்து வராமல் அழுத்தி வைக்க ஒரு கண்ணாடி வில்லை. அதற்கு ஓர் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்த பஞ்சு, பஞ்சுக்கு மேலே எப்படி உபயோகிப்பது என்று எட்டு மொழியில் ஒரு காகிதம். கனமான பொருளை மேலே வைத்தால் கீழே இருப்பது அமுங்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. மகள் போனில் அந்தப் படத்தைக் காட்டி, "ஒண்ணு வரவழைக்கட்டுமாப்பா?" என்று கேட்டபோது பெரியவருக்குக் காது மடல்வரை சூடேறியது.

"ஏன், உலகத்துல கல்லு தீந்துபோச்சா?"

"இது சுத்தமா இருக்கும்ப்பா."

"கல்லைக் கொதிக்க வெச்சா அதுவும் சுத்தம்தான். போனை உள்ள வை. எனக்குச் சொல்லித்தர்ற அளவுக்கு நீ வளந்துட்டியா?"

அவள் வளர்ந்து முப்பத்தாறு வயதாகிவிட்டது. பெட்டியோடு வந்து மூன்று வாரம். புருஷனோடு என்ன தகராறு என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து கிளம்பியபோது, "இனிமே கோவிச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கக் கூடாது" என்று வாசலில் வைத்துச் சொன்னவர் அவர்தான். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது. முப்பது வருஷம் கிடங்குக் காவல்காரராக இருந்தவர். பூட்டை இழுத்துப் பார்ப்பதும், வந்தவனைச் சந்தேகப்படுவதும்தான் அவருக்குத் தெரிந்த வேலை. ஆகவே பரணிலிருந்து பெரிய பீங்கான் ஜாடியை இறக்கினார். சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவள் ஜாடிக்குள் கையை விட்டுப் புளித்த முள்ளங்கியைத் திருடித் தின்பாள். முதுகில் அடி விழுந்தாலும் மென்றுகொண்டே ஓடுவாள்.

கேரட், முள்ளங்கி, வெள்ளரி, காலிஃபிளவர். விரல் நீளத்துக்கு நறுக்கி, பூண்டும் பச்சை மிளகாயும் இடையிடையே சொருகி, உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினார். மேலே ஒரு தட்டு. தட்டின் மேல் கல். காய் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தலையை நீட்டுகிற ஒரு துண்டு அழுகினால் ஜாடி முழுக்கப் பாழ்.

"மூணு வாரம் ஊறணும்" என்றார் மகளிடம். "அதுவரைக்கும் எங்கயும் போயிடாத. தனியா இவ்வளவையும் நான் திங்க முடியாது."

அதற்கு மேல் அவரால் கெஞ்ச முடியாது.

கல்லைத் தேடி அவர் ஏரிக்குத்தான் போயிருந்தார். அந்த வருஷ வெயிலில் ஊருக்குப் பின்னால் இருந்த ஏரி வற்றி, நடுவில் ஒரு சாக்குப்பை அகலத்துக்குத் தண்ணீரும் சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த சேறுமாகக் கிடந்தது. கரையிலிருந்து ஐம்பது அடி உள்ளே, வரிசையாக, கயிறு கட்டிய மூன்று கற்கள். நடுக்கல் அவருக்குப் பிடித்திருந்தது. ரொட்டிபோல உப்பிய வடிவம், நான்கு கிலோவுக்குக் குறையாத கனம், இடுப்பைச் சுற்றி விரல் புதைகிற அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு பழைய நைலான் கயிறு சுற்றி, முடிச்சுப் போட்டு, மறுமுனை சேற்றுக்குள் இறங்கியிருந்தது. இழுத்துப் பார்த்தார். கயிறு வரவில்லை. பேனாக்கத்தியால் அறுத்தார். அறுந்ததும் கயிற்றின் மிச்சம் பட்டென்று சேற்றுக்குள் போய்விட்டது. இழுத்துக் கட்டியிருந்த கயிறு அப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கல்லைத் தேய்த்துக் கழுவினார். ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தார். வெயிலில் காயவைத்தார். சுத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கயிற்றின் மறுமுனையில் என்ன இருந்தது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை மூடியைத் திறந்தபோது தட்டு சாய்ந்திருந்தது. கல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஜாடியின் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது.

"என் ஜாடியில கை வெச்சியா?"

"நான் ஏம்ப்பா வைக்கறேன்?"

"பின்ன யாரு, பூனையா வந்து தூக்கி வெச்சுது?"

"எனக்குத் தெரியாதுப்பா. ஆனா இது என்ன நாத்தம்? ஊறுகாய் நாத்தம் மாதிரியே இல்லையே."

அவரும் முகர்ந்து பார்த்தார். பூண்டின் காரமும் உப்பின் கரிப்பும் மேலாக இருந்தன. அவற்றுக்கு அடியில், வெகு நாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்தால் முகத்தில் மோதுமே, அந்தக் குளிர்ந்த சேற்று வாடை. புளிக்க ஆரம்பித்தால் எதுவும் நாறத்தான் செய்யும் என்று எரிந்து விழுந்தார். கல்லை நேராக்கி, தட்டை அழுத்தி, மூடியைப் போட்டார். மூடும்போது உள்ளே ஒரு குமிழி வெடித்தது. வாயு. காய் புளித்தால் வாயு வரும். கல்லையே லேசாகத் தூக்கிவிடும். இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தெரிகிறது?

அன்றிலிருந்து சமையலறைத் தரை காயவில்லை. மகள் துடைப்பாள், பத்து நிமிஷத்தில் ஜாடி இருந்த மூலையிலிருந்து ஒரு ஈரம் கிளம்பி, அலமாரியை ஒட்டி, கதவு நிலையைத் தாண்டி, கூடத்தைக் கடந்து அவள் படுக்கும் அறைவரை ஒரு முழ அகலத்துக்கு நீண்டு நிற்கும். ஜாடியில் தண்ணீர் குறையவில்லை. அதைத்தான் அவர் முதலில் பார்த்தார். குழாய் கசிகிறது என்று முடிவு கட்டி, தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிட்டார். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் வாஷர்தான் காரணம் என்று சொல்லுகிற ஆள். தெருவே அவனை வாஷர் என்றுதான் கூப்பிடும்.

வாஷர் எல்லாக் குழாயையும் தட்டிப் பார்த்தான். தரையில் காதை வைத்துக் கேட்டான்.

"எல்லாம் காஞ்சு கிடக்குது பெரியவரே. குழாய்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப தண்ணி வானத்துலேர்ந்து வருதா? வாஷர் போயிருக்கும், நல்லாப் பாரு."

"நானே வாஷர் இல்லைங்கறேன், நீங்க வாஷர்ங்கறீங்க" என்று சிரித்தவன், திறந்திருந்த ஜாடியை எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கல்லின் இடுப்பிலிருந்த பள்ளத்தை விரலை நீட்டிக் காட்டினான், தொடவில்லை.

"இது எங்க எடுத்தீங்க?"

"ஏரியில. ஏன், உன் பாட்டன் சொத்தா?"

"கயிறு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அறுத்தேன்."

வாஷர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "ஏரியில கல்லைக் கட்டி இறக்கறது ரெண்டே ரெண்டு விஷயத்துக்குத்தான். ஒண்ணு வலை."

"இன்னொண்ணு?"

அவன் கூடத்தில் நின்ற மகளைப் பார்த்தான். "எடுத்த எடத்துல வெச்சிடுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு, ஈரத்தை மிதிக்காமல் சுவரை ஒட்டி நடந்து வெளியே போனான்.

பயந்தாங்கொள்ளி! வேலை தெரியாதவன் எவனும் இப்படித்தான் கதை அளப்பான். பெரியவர் வாசல்வரை போய் அவன் முதுகைப் பார்த்துத் திட்டினார். திரும்பி வந்தால், மகள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என் போர்வை நனைஞ்சிருந்துச்சுப்பா. கால் பக்கம். யாரோ பிழியாம வெச்ச துணி மாதிரி."

"ஜன்னலைத் திறந்து வெச்சிருப்ப."

"மழையே இல்லையேப்பா."

"அப்ப நீயே கொட்டியிருப்ப. போ, போய் வேலையைப் பாரு."

மறுநாள் சாயங்காலம், அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். மேற்கு ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்வாக வந்து சமையல் மேடைமேல் விழுந்து, எவர்சில்வர் டம்ளர்களின் விளிம்பில் மினுங்கி, ஜாடி இருந்த மூலைக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி, அடுத்த வீட்டுக் குக்கரின் விசில், எங்கோ கதவு சாத்தும் சத்தம். எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே, ஈரத்துணியைத் தரையில் வைத்து வைத்து எடுப்பதுபோல ஒரு சத்தம், நின்று, கேட்டு, மறுபடி தொடங்கியது. பெரியவர் விளக்கைப் போட்டார். ஜாடியின் மூடி தரையில் கிடந்தது. தட்டு அதன் மேல். கல் மேடையின் மேல் இருந்தது. துடைத்து வைத்ததுபோல, நடுவில்.

நான்கு கிலோ கல்.

அவருக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த வீட்டில் அவர் சொன்னதைக் கேட்பதற்கு ஒரு ஜீவன் இல்லை. பெண் இல்லை, பிளம்பர் இல்லை, நறுக்கிப் போட்ட காய்கூட இல்லை. முழங்கைவரை சட்டையைச் சுருட்டினார். மேலே மிதந்துகிடந்த காய்களின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். தண்ணீர் எலும்புவரை சில்லிட்டது. கேரட் துண்டுகள் விரலிடுக்கில் வழுக்கின. காலிஃபிளவரின் கரகரப்பு. வெள்ளரியின் கொழகொழப்பு. இன்னும் கீழே. முழங்கை நனைந்தது. இவ்வளவு ஆழம் இந்த ஜாடிக்கு ஏது?

கீழேயிருந்து ஒன்று அவர் விரல்களுக்கிடையில் விரல்களைக் கோத்தது.

அவர் இழுக்கவில்லை. பல்லைக் கடித்தார். அழுத்தினார். அது மேலே தள்ளியது. இன்னும் அழுத்தினார். பெருங்குமிழிகள் வந்தன. அவருடைய முகத்தில் தெறித்தன. சேறு. உப்பு. சேறு. விடவில்லை. யார் வீட்டில் வந்து யார்? அடங்கு. அடங்கு. குமிழி சின்னதாயிற்று. ஒன்று. அப்புறம் ஒன்று.

நின்றது.

"அப்பா."

மகள் வாசற்படியில் நின்றாள். கையிலிருந்த துணிகள் காலடியில் விழுந்திருந்தன.

"யாரைப்பா அழுத்தறீங்க?"

அவர் கைகளை வெளியே எடுத்தார். முன்கை முழுக்க மேலிருந்து கீழாக நாலு நாலு கோடாகக் கீறல். "கேரட் முனை குத்திடுச்சு" என்றார். "நல்லா வேகவேகமா நறுக்கினேன், அதான் கூரா இருக்கு." தட்டை எடுத்து வைத்தார். கல்லை வைத்தார். மூடினார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டபோது துண்டில் சேறு ஒட்டியது. அதை மடித்து அவள் பார்க்காத பக்கமாகப் போட்டார்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் பெட்டி கூடத்தில் நின்றது.

"அஞ்சு மணி பஸ்ல நான் போறேன்."

"எங்க? அவன் வீட்டுக்கா?"

"எங்கயோ. இந்தக் கல்லு இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன்."

"ஒரு கல்லுக்காக அப்பனை விட்டுட்டுப் போவியா?"

"ஒரு கல்லுக்காகப் பொண்ணை அனுப்பறது நீங்கதான்ப்பா." அவள் பெட்டியின்மேல் கையை வைத்தாள். "எனக்கு இங்க இருக்கணும்னுதான் ஆசை. ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்களேன். கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க. நீங்க வந்ததும் நான் பெட்டியைப் பிரிச்சுடறேன்."

கேட்க வேண்டும் என்றுதான் அவர் மனசில் இருந்தது. ஆனால் வாய் வேறு மாதிரிப் பழகியிருந்தது. பைத்தியக்காரி என்றார். உன் புருஷன் ஏன் துரத்தினான் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், கல்லை எடுத்துச் சணல் பையில் போட்டுக்கொண்டு மூன்று மணிக்கு வெளியே இறங்கினார். ஜாடியில் கல் இல்லாமல் தட்டு மட்டும் இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் இங்கயே இரு. ஜாடியைத் திறக்காத."

நேராகப் போயிருந்தால் ஏரி இருபது நிமிஷம். அவர் நேராகப் போகவில்லை. வாஷரின் கடை வழியில் இருந்தது. அவனை நாலு கேள்வி கேட்காவிட்டால் மனசு ஆறாது. கடை பூட்டியிருந்தது. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் பிளம்பர்களைப் பற்றியும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் கண்ணாடி வில்லையைப் பற்றியும் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினார். பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியபடியே இருந்தது. டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது டம்ளரை எட்ட நின்று நீட்டினார்.

ஏரிக்கரையில் ஏறியபோது வெயில் தணிந்திருந்தது. காற்று இல்லை. ஒரு கொக்குகூட இல்லை. கரையில் ஏறுகிற இடத்தில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு, நீல வார், பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. மகளும் இப்படி ஒன்று போட்டிருக்கிறாள். இருந்தால் என்ன? இந்தச் செருப்பு கடைக்குக் கடை தொங்குகிறது.

கீழே இறங்கினார்.

சேற்றில் இரண்டு தடம் இருந்தன. ஊர்ப்பக்கமாகப் போனது காய்ந்து வெடித்திருந்தது. ஒரு முழ அகலத்துக்கு எதையோ இழுத்ததுபோல, இரு ஓரமும் கை ஊன்றிய பள்ளங்கள். ஊர்ப்பக்கமிருந்து திரும்பி வந்தது புதியது. இன்னும் பளபளத்தது. அதே அகலம். அதே கைகள். ஆனால் ஒரு பக்கத்துக் கைப்பள்ளம் மட்டும் இல்லை. அந்தக் கை வேறு எதையோ பிடித்திருந்த மாதிரி. அந்தப் பக்கம் கூடவே நடந்து வந்த வெறுங்காலடிகள். சின்னவை. முதலில் அமைதியாக, ஓர் அடி விட்டு ஓர் அடி. ஏரியின் உள்ளே போகப் போக, குதிகால் ஆழமாகப் பதிந்து, பின்னால் சாய்ந்து, இழுபட்டு.

கரைக்குத் திரும்பிய காலடி ஒன்றுகூட இல்லை.

"நாய்" என்றார் பெரியவர். சத்தமாக. "நாய் எதையாவது இழுத்திருக்கும். பின்னாடியே எவளாவது துரத்திட்டு வந்திருப்பா."

தடம் முடிந்தது அவர் கல்லை எடுத்த இடத்தில். அங்கே இப்போது ஒரு பள்ளம் இருந்தது. ஆள் நீளம். காலி. ஓரத்துக் கற்கள் இரண்டும் உருண்டு கிடந்தன; அவற்றின் கயிறுகள் தளர்ந்து, போட்ட முடிச்சு போட்டபடி, உள்ளே எதுவும் இல்லாமல். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில், போன தடவை அவர் வந்தபோது இல்லாத ஒரு மேடு. அதுவும் ஆள் நீளம். ஈரம். உள்ளங்கைகளால் தட்டித் தட்டி வழித்துவிட்ட வழவழப்பு.

மேட்டின் நடுவில் சேறு லேசாக உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

அவர் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. மணி ஐந்து பத்து. போய்விட்டாள். அப்பன் வெயிலில் கல்லைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான், அவன் திரும்பி வரும்வரை பொறுமை இல்லை, பஸ் ஏறிவிட்டாள். வளர்த்த லட்சணம். கண்ணில் நீர் முட்டியது. அதையும் கோபத்தோடு துடைத்தார்.

"இந்தா. வெச்சிட்டேன். போதுமா?"

கல்லை வைக்க அந்தக் காலிப் பள்ளம் அவருக்குச் சரியாகப் படவில்லை. அதில் அழுத்துவதற்கு எதுவும் இல்லை. கை பழகின பழக்கத்தில், உயர்ந்து தாழ்கிற அந்த மேட்டின் நடுவில் கல்லை வைத்தார். அது சாய்ந்தது. நேராக வைத்தார். மறுபடி சாய்ந்தது. காலைத் தூக்கி மேலே வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்து, அசையாமல் இருக்கும்வரை மிதித்தார். சுற்றிலும் சேற்றில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. கடைசியில், கல்லின் ஓரமாக, சேற்றைப் பிளந்துகொண்டு மூன்று விரல்கள் வெளியே நீண்டு, அவருடைய வேட்டி நுனியைத் தொட்டு, பிடிக்க முடியாமல் நின்றன. நகங்களுக்குள் சேறு.

பெரியவர் பார்த்தார்.

"வேர்" என்றார்.

வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டு கரைப்பக்கமாகத் திரும்பினார். இந்த ஏரியில் மரமே இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்திருக்கும், அறுபது எழுபது வருஷம் முன்னால், யார் கண்டது? கரையேறும்போது அந்தச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபடி போனை எடுத்து, மணி போகிற சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, எடுக்காத மகளைத் திட்டிக்கொண்டே நடந்தார்.